கலர் இலைச் செடிகள்: நீங்க கேட்டீங்க, நான் சொல்றேன்

போன இதழ்ல கலர் இலைச் செடிகளைப் பத்தி உங்க சந்தேகத்தை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம், குரோட்டன்ஸ், கலேடியம், கோலியஸ், கலாத்தியான்னு வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன். பாதிக்கு மேல "கலர் போயிருச்சு, என்ன உரம் போடட்டும்"ங்கற கேள்விதான். இலையில இருக்கற கலர் யாரோ பூசிவிட்ட பெயிண்ட் இல்லைங்க, அந்தச் செடி வெளிச்சத்தோட போட்டுக்கிட்டிருக்கற கணக்கு அது. அந்தக் கணக்கு புரிஞ்சா முக்காவாசிக் கேள்விக்கு உரமே தேவைப்படாது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒண்ணா எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. நர்சரியில பார்த்தப்போ மஞ்சளும் சிவப்புமா அவ்வளவு அழகா இருந்த குரோட்டன்ஸ், ஹால்ல கொண்டு வந்து வச்சு பத்தே நாள்ல கீழ் இலையெல்லாம் கொட்டிருச்சு. இப்ப ஒரு குச்சியும் உச்சியில நாலு இலையும்தான் நிக்குது. தினமும் தண்ணி ஊத்தறேன், உரமும் வச்சேன். செத்துருமா?

பதில்: அவ்வளவு சீக்கிரம் சாகாதுங்க. மொதல்ல அந்தத் தினத் தண்ணியையும் உரத்தையும் நிறுத்துங்க. குச்சியில ஒரு எடத்துல நகத்தால லேசாச் சுரண்டிப் பாருங்க, தோலுக்கு அடியில பச்சையா ஈரமா இருந்தா உசுரு இருக்கு. பழுப்பா காய்ஞ்சு இருந்தா இன்னும் கொஞ்சம் கீழ எறங்கிச் சுரண்டிப் பாருங்க, பச்சை எங்க ஆரம்பிக்குதோ அதுக்கு மேல இருக்கறதை வெட்டி விட்ருங்க.

இலை கொட்டினதுக்குக் காரணம் எடம் மாறினதுதான். நர்சரியில அது நல்ல வெளிச்சத்துல, ஈரக்காத்துல, சுத்தியும் செடிங்க நெருக்கி நிக்கற எடத்துல வளர்ந்தது, அங்க இருந்த ஒவ்வொரு இலையும் அந்த வெளிச்சத்துக்குன்னு கட்டின இலை. ஹாலுக்கு வந்ததும் வெளிச்சம் நம்ம கண்ணுக்குக் கொஞ்சம் கம்மியாத் தெரியும், ஆனா செடிக்கு அது பத்துல ஒரு பங்கு கூட இருக்காது (நம்ம கண்ணு இருட்டுக்கு ஏத்த மாதிரி விரிஞ்சு சுருங்கி நம்மள ஏமாத்திரும், இலையால அது முடியாது). வரவு இல்லாம இத்தனை இலையை வச்சுச் சோறு போட முடியாதுன்னு அதுவே இலைக் காம்பும் தண்டும் சேர்ற எடத்துல ஒரு மெல்லிய தடுப்பு கட்டி ஒவ்வொண்ணாக் கழட்டி விட்ருது. இது நோய் இல்ல. இலை கம்மியானா வேர் உறிஞ்சற தண்ணியும் கம்மி ஆயிரும், அந்த நேரத்துல தினமும் ஊத்தினா மண்ணு ஈரத்துலயே கெடந்து வேர் அழுகும், நெறைய குரோட்டன்ஸ் சாகறது இந்த ரெண்டாவது தப்பால. என்னோட மொத குரோட்டன்ஸை நான் இழந்ததும் இப்படித்தான், இலை கொட்டக் கொட்ட பாவம்னு தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தேன். அது இன்னைக்கும் மனசுல கெடக்கு, அதான் இவ்வளவு சொல்றேன்.

காலை வெயில் ரெண்டு மூணு மணி நேரம் படற ஜன்னலோரமோ வராந்தாவோ பார்த்து வைங்க, வச்ச எடத்துல இருந்து நகர்த்தாதீங்க. மேல் மண்ணு ரெண்டு விரக்கடை காய்ஞ்சப்புறம் மட்டும் தண்ணி. தொட்டியும் இப்ப மாத்த வேண்டாம். சில வாரத்துல கணுவுல இருந்து துளிர் வரும், அது அந்த எடத்து வெளிச்சத்துக்குன்னே கட்டின இலை, சும்மா கொட்டாது.

இன்னொண்ணு, குரோட்டன்ஸை ஒடிச்சா பால் வரும், அது சில பேருக்குத் தோல்ல அரிப்பைக் கொடுக்கும், துணியில பட்டாக் கறை. வெட்டறப்போ கையுறை போட்டுக்கங்க. குரோட்டன்ஸ்னு நாம கூப்பிடற செடிக்குத் தாவரவியல்ல கோடியம்னு தனிப் பேரு. நெசமான குரோட்டன் பேரினத்துல இருக்கறது நேர்வாளம், பேதி மருந்துக்குப் பேர் போன செடி அது. ரெண்டும் ஒரே ஆமணக்குக் குடும்பம், ஆனா வேற வேற செடி.

கேள்வி: புது இலை பச்சையா வருது, பழைய இலை மட்டும் சிவப்பா இருக்கு. குரோட்டன்ஸ் கலர் போயிட்டு இருக்கா?

பதில்: கொஞ்சம் பொறுங்க. குரோட்டன்ஸ்ல நெறைய ரகம், 'பெட்ரா' மாதிரி, பொறக்கறப்போ பச்சையும் மஞ்சளுமாத்தான் வரும், வயசாக வயசாகத்தான் ஆரஞ்சு, சிவப்புன்னு ஏறும். ஒரே செடியில மேல பச்சை, நடுவுல மஞ்சள், கீழ சிவப்புன்னு மூணு தலைமுறை நிக்கறது அதனாலதான். ஒரு ரெண்டு மாசம் ஆகியும் அந்த இலை முத்தி தடிச்சப்புறமும் பச்சையாவே இருந்தா அப்ப வெளிச்சம் பத்தலைன்னு அர்த்தம், எடத்தை மாத்துங்க. ஆனா ஒரே நாள்ல தூக்கி உச்சி வெயில்ல வச்சுராதீங்க, இலை வெந்துரும், வாரத்துக்கு ஒரு அடியா வெளிச்சத்தை நோக்கி நகர்த்துங்க.

கேள்வி: நான் பதினொண்ணாவது படிக்கிறேன் மேடம். ஒளிச்சேர்க்கைக்குப் பச்சையம் வேணும்னு படிக்கறோம். அப்புறம் முழுக்கச் சிவப்பா, ஊதாவா இருக்கற இலை எப்படிச் சாப்பாடு தயாரிக்குது?

பதில்: இந்தத் தடவை வந்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான் கண்ணு. அந்தச் சிவப்பு இலைக்குள்ளயும் பச்சையம் இருக்கு, மேல சிவப்பு மறைச்சுக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். நீயே பார்க்கலாம். கோலியஸ்லயோ, ஊதாக் கலர்ல பரவிப் படருமே அந்த ட்ரேடஸ்காண்டியாவுலயோ நல்ல கருஞ்சிவப்பு இலை ஒண்ணு எடுத்து, பெரியவங்க பக்கத்துல இருக்கறப்போ கொதிக்கற தண்ணியில போடு. ஒரு சில நிமிஷத்துல சிவப்பு தண்ணியில எறங்கிரும், இலை பச்சையா நிக்கும். அந்தச் சிவப்புக்குப் பேரு ஆந்தோசயனின், அது தண்ணியில கரையும், செல்லுக்குள்ள இருக்கற தண்ணிப் பையிலதான் இருக்கும். பச்சையம் தண்ணியில கரையாது, அதனால இலையிலயே தங்கிரும். அந்தத் தண்ணியை ரெண்டு கிளாஸ்ல ஊத்தி ஒண்ணுல எலுமிச்சைச் சாறு விடு, இன்னும் சிவக்கும், இன்னொண்ணுல சமையல் சோடா போடு, நீலமும் பச்சையுமாத் திரும்பும்.

ஏன் அந்தச் சிவப்பு? வெயிலு ஜாஸ்தியா அடிக்கறப்போ பச்சையத்தால தாங்க முடியாத அளவு ஒளி வந்து சேரும், ஆந்தோசயனின் அதுல ஒரு பங்கைத் தானே வாங்கிக்கிட்டு குடை மாதிரி நிக்கும்னு ஆராய்ச்சி பண்றவங்க நெறைய பேர் சொல்றாங்க. மாமரம் துளிர் விடறப்போ பார்த்திருப்பியே, மாந்தளிர் நிறம்னு பழைய பாட்டுல எல்லாம் மேனிக்கு உவமை வருமே, அந்தச் செம்பு நிறமும் இதே ஆந்தோசயனின்தான், இளசுல பச்சையம் முழுசா வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு போர்வை. மா இலை முத்தினதும் போர்வையைக் கழட்டிருது. கோலியஸும் கார்டிலைனும் கழட்டாமயே வச்சுக்கிட்டிருக்கற செடிங்க, அப்படி இருந்ததையே மனுஷன் தேடித் தேடிப் பொறுக்கி வளர்த்திருக்கான். நிழல்ல வச்சா ஏன் பச்சையாகுதுன்னு இப்ப உனக்கே புரிஞ்சிருக்கும், வெயிலே இல்லாத எடத்துல குடை எதுக்கு.

எல்லாச் சிவப்பும் ஆந்தோசயனினும் கிடையாது. கீரைக் குடும்பத்துச் செடிங்க இருக்கே, ஐரிசைன், ஆல்டர்னாந்திரா, அதுங்க சிவப்பு பீட்டாலைன், பீட்ரூட்ல இருக்கற அதே சாயம். ஆச்சரியம் என்னன்னா இந்த ரெண்டு சாயமும் ஒரே செடியில சேர்ந்து இருக்கவே இருக்காது. குரோட்டன்ஸோட மஞ்சள் இன்னொரு வகை, கரோட்டினாய்டு. பிகோனியாவுலயும் அலுமினியம் பிளான்ட்லயும் வெள்ளி மாதிரி பளபளன்னு புள்ளி இருக்கே, அதுல சாயமே இல்ல, மேல் தோலுக்கும் கீழ இருக்கற பச்சைத் திசுவுக்கும் நடுவுல காத்து இடைவெளி இருக்கு, அதுல பட்டு வெளிச்சம் சிதறித் திரும்பறதுதான் வெள்ளியாத் தெரியுது. மலேசியா காட்டுல பிகோனியா பவோனினான்னு ஒரு செடி, இலை நீலமா மின்னும். 2016-ல அதை ஆராஞ்சவங்க என்ன கண்டாங்கன்னா அந்த நீலத்துக்குக் காரணம் பச்சையத்தை வச்சிருக்கற பசுங்கணிகத்துக்குள்ள இருக்கற அடுக்குங்களோட அமைப்பு, நீல ஒளியைத் திருப்பி விட்டுட்டு காட்டுத் தரையில மிச்சம் வந்து சேர்ற பச்சை, சிவப்பு ஒளியை நல்லா வாங்கிக்க அது உதவுது. நமக்கு அழகாத் தெரியற நீலம், அந்தச் செடி இருட்டுல பொழைக்கறதுக்குப் போட்ட ஏற்பாடு.

கேள்வி: ஏம்மா, எனக்கு எழுபது வயசாச்சு. ஓரத்துல மஞ்சக் கரை போட்ட ஸ்னேக் பிளான்ட் எங்கிட்ட பல வருஷமா இருக்கு. பேத்திக்குக் கொடுக்கலாம்னு ஒரு இலையைத் துண்டு துண்டா வெட்டி நட்டேன். எல்லாம் பொழைச்சிருச்சு, குட்டியும் வந்துச்சு, ஆனா ஒரு குட்டியில கூட மஞ்சக் கரை இல்ல. மண்ணுல சத்து இல்லையாம்மா?

பதில்: மண்ணு மேலயும் தப்பில்லைங்கய்யா, உங்க மேலயும் தப்பில்ல. அந்த மஞ்சக் கரை ரகத்துக்கு 'லாரன்டை'ன்னு பேரு, அது ஒரே செடி மாதிரி தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள ரெண்டு செடிங்க. ஒரு செடியோட குருத்து நுனியில செல்லுங்க அடுக்கடுக்கா இருக்கும், இந்த ரகத்துல ஒரு அடுக்குல இருக்கற செல்லுக்குப் பச்சையம் செய்யத் தெரியாது, மத்த அடுக்குக்குத் தெரியும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு போர்த்திக்கிட்டு வளர்றதால ஓரம் மஞ்சளாவும் நடு பச்சையாவும் வருது. கைமீரான்னு சொல்லுவாங்க இதை. இலையை வெட்டி நட்டா அந்தத் துண்டுல இருந்து புதுக் குருத்து பச்சைத் திசுவுல இருந்து மட்டும் மொளைக்குது, போர்வை அடுக்கு அதுகூட வர்றதில்ல, அதனால குட்டி அத்தனையும் பச்சை. உரம் எவ்வளவு கொட்டினாலும் திரும்பாது.

பேத்திக்கு மஞ்சக் கரையோட வேணும்னா தாய்ச்செடியைத் தொட்டியில இருந்து எடுத்து, மண்ணுக்குள்ள விரல் தண்டிக்கு ஒரு கிழங்கு மாதிரி ஓடும், அதுல மொளைச்சு நிக்கற பக்கக் கன்னை வேரோட சேர்த்துக் கத்தியால வெட்டி, ஒரு நாள் ரெண்டு நாள் நிழல்ல காய விட்டு நடுங்க. அதுல குருத்து முழுசா இருக்கறதால ரெண்டு அடுக்கும் வரும். அந்தப் பச்சைக் குட்டிங்களையும் தூக்கிப் போட்ராதீங்கய்யா, அதுங்க எல்லா வெளிச்சத்துலயும் இன்னும் திடமா வளரும்.

இதே விஷயம்தான் வெள்ளை படிஞ்ச மான்ஸ்டெரா, போத்தோஸ், ஃபைக்கஸ்னு எழுதிக் கேட்டவங்க எல்லாருக்கும் பதில். வெள்ளைப் பகுதிக்கு வருமானம் கிடையாது, பச்சைப் பகுதி சம்பாரிச்சுத்தான் அதுக்கும் போடணும். நடுவுல முழுப் பச்சையா ஒரு கிளை வந்துச்சுன்னா அது வேகமா வளர்ந்து மத்ததை அமுக்கிரும், பார்த்த ஒடனே அடியோட வெட்டிருங்க. முழு வெள்ளையா இலை வந்தா பார்க்க ரொம்ப அழகு, ஆனா அது நீடிக்காது, தொடர்ந்து வெள்ளையாவே வந்தா தண்டுல வெள்ளையும் பச்சையும் கோடு கோடாக் கலந்து ஓடற கணு வரைக்கும் பின்னால வந்து வெட்டுங்க. கட்டிங் வாங்கறவங்களும் இலையைப் பார்க்கறதை விட அந்தத் தண்டுக் கோட்டைப் பார்த்து வாங்குங்க, அடுத்த இலை எப்படி வரும்ங்கறது கணுவுல இருக்கற மொட்டுலதான் இருக்கு.

கேள்வி: கலேடியம் நாலு மாசம் ஜம்முனு இருந்துச்சு, அப்புறம் ஒவ்வொரு இலையா மஞ்சளாகி சாஞ்சு மொத்தமாப் போயிருச்சு. செத்துருச்சுன்னு தொட்டியை ஓரமாப் போட்டுட்டேன். என்ன நோய்?

பதில்: அந்தத் தொட்டியைக் கொட்டிராம ஓரமாத்தானே போட்டீங்க? நல்லதாப் போச்சு. கையை விட்டுத் தோண்டிப் பாருங்க, கெட்டியா ஒரு கிழங்கு தட்டுப்பட்டா அது தூங்குது. கலேடியம் தென் அமெரிக்கா வெப்பமண்டலத்துச் செடி, அங்க மழைக்காலம் முழுக்க இலை விட்டு, வறண்ட காலம் வந்தா இலையை உதிர்த்துட்டுக் கிழங்குக்குள்ள போய்ப் படுத்துக்கும். நம்ம தொட்டியிலயும் குளிரோ வறட்சியோ தட்டினா அதே பழக்கம். இந்த நேரத்துல "பாவம்"னு தண்ணி ஊத்தறதுதான் அதைக் கொல்லும்.

தொட்டியிலயே காய விடலாம், இல்ல கிழங்கை எடுத்து ஒட்டியிருக்கற மண்ணைத் தட்டி, சில நாள் நிழல்ல உலர்த்தி, காய்ஞ்ச மணல்லயோ தேங்காய் நார்த் தூள்லயோ பொதைச்சு வைக்கலாம். ஃபிரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க, 15 டிகிரிக்குக் கீழ போனா கிழங்கு கெட்டுரும். மூணு நாலு மாசம் கழிச்சு, வெதுவெதுப்பா இருக்கற காலத்துல மொளைக் கண்ணு மேல பார்க்கற மாதிரி 5 சென்டிமீட்டர் ஆழத்துல நட்டு, மொளை வெளிய தெரியற வரைக்கும் ஈரம் கம்மியாவே வைங்க. நடறப்போ நடுவுல பெருசா ஒரு கண்ணு இருக்கும், அதைக் கத்தி நுனியால நோண்டி எடுத்துட்டா சுத்தி இருக்கற சின்னக் கண்ணுங்க எல்லாம் கிளம்பி இலை நெறையா அடர்த்தியா வரும், ஆனா இலை சைஸ் கொஞ்சம் சின்னதா இருக்கும். எனக்கு ரெண்டு மூணு பெரிய இலை நிக்கறதுதான் பிடிக்கும், அதனால நான் நோண்டறதில்ல. உலகத்துல விக்கற கலேடியம் கிழங்குல பெரும்பங்கு அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல லேக் பிளாசிட்ங்கற ஒரு சின்ன ஊரைச் சுத்தி இருக்கற வயல்ல வெளையறதுதான், அவங்களும் தோண்டி, உலர்த்தி, தூங்கற கிழங்காத்தான் அனுப்பறாங்க.

கேள்வி: கலாத்தியா இலை ஓரமெல்லாம் கருகுது. தினம் ஸ்பிரே பண்றேன், குழாய்த் தண்ணியை ராத்திரி முழுக்கத் திறந்து வச்சுட்டுத்தான் ஊத்தறேன். அப்படியும் கருகுது. வெறுத்துப் போச்சு அக்கா.

பதில்: நெறைய பேரு இந்தச் செடியாலதான் செடி வளர்க்கறதையே விட்டுடறாங்க, நீங்க விட்ராதீங்க. தண்ணியைத் திறந்து வச்சா குளோரின் போகும், அது நெசம். ஆனா கலாத்தியா, டிரசீனா, கார்டிலைன் இதுங்களுக்கு எரிச்சலூட்டறது ஃப்ளோரைடும் உப்பும், அது ரெண்டும் எத்தனை ராத்திரி வச்சாலும் ஆவியாகிப் போகாது. தண்ணி வேர் வழியா ஏறி இலை ஓரம் வரைக்கும் போயி அங்க இருந்து ஆவியா வெளிய போயிரும், கூட வந்த உப்பு மட்டும் ஓரத்துலயே தங்கிரும், நாளாக நாளாக அந்த எடம் கருகும். கருகல் எப்பவும் ஓரத்துலயும் நுனியிலயும் ஆரம்பிக்கறது அதனாலதான். மழைத்தண்ணி புடிச்சு வச்சு ஊத்துங்க, அதைவிட நல்ல மருந்து இல்ல. அது கெடைக்கலைன்னா ஆர்.ஓ. தண்ணி. சாஃப்ட்னர்ல இருந்து வர்ற தண்ணி வேண்டவே வேண்டாம், அதுல சோடியம் ஏறியிருக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை தொட்டி கொள்ளற அளவைப் போல ரெண்டு மூணு பங்கு நல்ல தண்ணியை மெதுவா ஊத்தி அடியில வழிய விடுங்க, சேர்ந்த உப்பு கழுவிக்கிட்டுப் போயிரும். உரமும் பாதி அளவு போதும், அதுவும் உப்புதானே.

ஸ்பிரே பண்றது பத்து நிமிஷத்துல காய்ஞ்சிரும், அறை ஈரத்தை அது மாத்தாது. நாலு செடியை நெருக்கி வைங்க, ஏசி காத்தும் ஃபேன் காத்தும் நேரா அடிக்காத எடமா பாருங்க. கருகின ஓரம் திரும்பப் பச்சையாகாது, கத்தரிக்கோலால இலை வடிவத்துக்கே வெட்டி விடலாம், ஆனா பச்சையை வெட்டிராம கருகல்ல ஒரு நூல் அளவு விட்டு வெட்டுங்க, இல்லைன்னா வெட்டின எடமே மறுபடி கருகும்.

அப்புறம் சில பேரு "ராத்திரி ஆனா இலை மேல தூக்கிக்குது, வாடுதா"ன்னு கேட்டிருக்கீங்க. அது கலாத்தியா, மராந்தாவோட தினசரி வழக்கம். காம்பும் இலையும் சேர்ற எடத்துல மூட்டு மாதிரி ஒரு சின்ன வீக்கம் இருக்கு, அதுல இருக்கற செல்லுங்கள்ல தண்ணி ஏறி எறங்கறப்போ இலை எழுந்து படுக்குது. ராத்திரி கை கூப்பின மாதிரி நின்னு காலையில விரிஞ்சா செடி நல்லா இருக்குன்னு அர்த்தம், பகல்லயும் சுருண்டே கெடந்தாத்தான் வேரைப் பார்க்கணும்.

கேள்வி: ஆன்லைன்ல நீலக் கலர் கலேடியம் விதை, வானவில் மான்ஸ்டெரா விதைன்னு போட்டிருக்காங்க. வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க. அந்த நீலம் கம்ப்யூட்டர்ல பூசினது, கலேடியத்துல அப்படி ஒரு ரகம் கெடையாது. மான்ஸ்டெராவோட வெள்ளையும் நான் மேல சொன்ன அந்த அடுக்கு விஷயம், விதை வழியா அதே மாதிரி வந்து சேராது, கட்டிங்தான் வழி. சில வருஷம் முன்னாடி பளிச்சுன்னு பிங்க் இலையோட 'பிங்க் காங்கோ'ன்னு ஒரு ஃபிலோடெண்ட்ரான் உலகம் பூரா ஓடுச்சு, ஆசை ஆசையா வாங்கினவங்களுக்கு ஆறு மாசம் ஒரு வருஷத்துல புது இலை எல்லாம் பச்சையா வந்துச்சு. ஏதோ ரசாயனம் கொடுத்து அந்த நேரத்துக்கு இலையில பச்சையம் வராம பண்ணியிருக்காங்க, ரகம் பிங்க் கெடையாது. அதனால 'பிங்க் பிரின்சஸ்' மாதிரி நெசமாவே பிங்க் படியற ஃபிலோடெண்ட்ரான் வாங்கறப்போ இலையில பிங்க் ஒழுங்கு இல்லாம தெறிச்ச மாதிரி, ஒவ்வொரு இலைக்கும் வேற வேற மாதிரி இருக்கான்னு பாருங்க. ஒரு செடியில மேல இருக்கற இலை பூரா ஒரே சீரா பிங்க், கீழ இருக்கறது பூரா சுத்தப் பச்சைன்னா கை வைக்காதீங்க. நிரந்தரமான சிவப்பு வேணும்னா அக்லோனிமா இருக்கே, இந்தோனேசியாவுல கிரெக் ஹம்பாலின்னு ஒரு தாவரவியல்காரர் 1980-கள்ல பொறுமையாக் கலப்பு பண்ணி சிவப்பு அக்லோனிமாவைக் கொண்டு வந்தார், 'பிரைட் ஆஃப் சுமத்ரா'ன்னு பேரு. இன்னைக்கு நாம பார்க்கற சிவப்பு ரகங்களுக்கு எல்லாம் அவர் வேலை ஒரு பெரிய தொடக்கம். கம்மி வெளிச்சத்துலயும் தாக்குப் பிடிக்கும், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் கையில கொடுக்கற மொத செடி இதுதான்.

கேள்வி: வீட்டுல ஒண்ணரை வயசுக் குழந்தை, ஒரு பூனை. டிஃபன்பாக்கியா வைக்கலாமா? வாயில போட்டுட்டா என்ன பண்றது?

பதில்: குழந்தை கைக்கு எட்டற எடத்துல வேண்டாம், இதுல சமாதானமே கெடையாது. டிஃபன்பாக்கியா, கலேடியம், அக்லோனிமா, ஃபிலோடெண்ட்ரான், போத்தோஸ் எல்லாம் சேம்புக் குடும்பம். சேம்புக் கிழங்கு நறுக்கினா கை அரிக்குமே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிங்க இதுலயும் இருக்கு, டிஃபன்பாக்கியாவுல ரொம்பக் கடுமை. கடிச்ச ஒடனே அந்த நுண்ணிய ஊசிங்க நாக்குலயும் தொண்டையிலயும் குத்தி எரியும், வீங்கும், பேச்சு கூட வராமப் போகலாம். அப்படி நடந்துட்டா வாயில இருக்கற துண்டை எடுத்துட்டு ஈரத் துணியால நாக்கைத் துடைங்க, குளிர்ந்த தண்ணியோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாக் கொடுங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க, எந்தச் செடின்னு காட்ட ஒரு இலையை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போயிருங்க. மூச்சு விடச் சிரமப்பட்டாலோ எச்சில் முழுங்க முடியாம வழிஞ்சாலோ ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காதீங்க. சாறு கண்ணுல பட்டா ஓடற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அதுக்கப்புறம் டாக்டர்.

குழந்தையும் பூனையும் வளர்ற வரைக்கும் கலாத்தியா, மராந்தா வைங்க, ரெண்டும் விஷம் இல்லாத வகை. கலருக்கும் கொறைச்சல் இல்ல.

கேள்வி: கோலியஸ்ல ஊதாப் பூ வந்திருக்கு, விடவா கிள்ளவா?

பதில்: கிள்ளிருங்க. பூ வந்து விதை கட்ட ஆரம்பிச்சா செடிக்கு இலை மேல இருக்கற அக்கறை போயிரும், தண்டு நீண்டு கீழ மொட்டையாயிரும். உச்சியை ரெண்டு கணு விட்டுக் கிள்ளினா பக்கத்துல கிளை விட்டுப் புதராகும். கிள்ளினதை ஒரு கிளாஸ் தண்ணியில போட்டு வைங்க, ஒண்ணு ரெண்டு வாரத்துல வேர் விட்ரும். தண்டைத் தொட்டுப் பாருங்க, நாலு பட்டையா சதுரமா இருக்கும், துளசிக்கும் கற்பூரவள்ளிக்கும் இருக்கற அதே தண்டு. கற்பூரவள்ளி இதுக்குத் தூரத்து உறவு இல்ல, நெருங்கின சொந்தம், அதே கோலியஸ் பேரினம்தான்.

கேள்வி: இந்தச் செடிங்க வீட்டுக் காத்தைச் சுத்தம் பண்ணும்னு சொல்லித்தான் பத்து தொட்டி வாங்கினேன். நெசமா?

பதில்: அந்தப் பேச்சு 1989-ல நாசா பண்ணின ஒரு ஆய்வுல இருந்து வந்தது. அது காத்துப் புகாத சின்னப் பெட்டிக்குள்ள செடியை வச்சு அளந்தது. நம்ம வீடு அப்படி மூடின பெட்டி கெடையாது, கதவு இடுக்கு, ஜன்னல்னு காத்து போய் வந்துக்கிட்டே இருக்கு. 2019-ல அந்த மாதிரி ஆய்வுங்களை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவங்க, சாதாரணமாக் கட்டடத்துல வெளிக்காத்து வந்து போறது பண்ற வேலையைச் செடி பண்ணணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10-ல இருந்து 1000 செடி வரைக்கும் வேணும்னு சொல்லியிருக்காங்க. காத்துக்கு ஜன்னலைத் திறங்க. அந்தப் பத்துத் தொட்டியையும் கண்ணுக்காக வளர்த்துங்க, அது போதாதா?

கேள்வி: குரோட்டன்ஸ் இலையில ஊசி குத்தின மாதிரி வெளிறின புள்ளி, பின்னால மெல்லிய நூலாம்படை. பூச்சி மருந்து அடிச்சும் போகலை.

பதில்: சிலந்திப்பேன். வெள்ளைப் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு இலையைத் தட்டுங்க, மிளகுத்தூள் மாதிரி விழுந்து ஊரும். இது பூச்சி இனம் இல்லைங்க, சிலந்தி இனம், அதனால சாதாரணப் பூச்சி மருந்துக்கு அசையாது, அதைத் தின்னக்கூடிய நல்ல உயிருங்க மட்டும் செத்து இது இன்னும் பெருகும். வறண்ட சூடான காத்துதான் இதுக்குக் கொண்டாட்டம். செடியைத் தனியா எடுத்து வச்சு இலையோட அடிப்பக்கம் நல்லா வேகமாத் தண்ணி பீய்ச்சிக் கழுவுங்க, மூணு நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு மூணு வாரம் விடாம, ஏன்னா முட்டை பொரிச்சுக்கிட்டே இருக்கும். கூடவே ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் தண்ணியோட கலக்கறதுக்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலமா வெயில் போனப்புறம் அடிங்க. மொதல்ல ஒரு இலையில அடிச்சு ரெண்டு நாள் பாருங்க, கலாத்தியா மாதிரி மெல்லிய இலை சிலது இதைத் தாங்காது. பஞ்சு மாதிரி வெள்ளையா கணுவுல ஒட்டியிருந்தா அது மாவுப்பூச்சி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால ஒவ்வொண்ணாத் துடைச்சு எடுங்க.

கேள்வி: குரோட்டன்ஸ் ஆள் உயரம் போயிருச்சு, கீழ மொட்டை, மேல மட்டும் கொத்தா இலை. வெட்ட மனசு வரலை.

பதில்: வெட்டறதுக்கு முன்னாடி அந்தக் கொத்தை மேலயே வேர் விட வச்சுருங்க. விண்பதியம்னு சொல்லுவாங்க. பென்சில் தண்டி இருக்கற எடத்துல, இலைக் கொத்துக்கு ஒரு அடி கீழ, ரெண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு மோதிரம் மாதிரி சுத்தித் தோலை உரிச்சுருங்க, வழியற பாலைத் துடைச்சுட்டு, நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பேக்னம் பாசியை ஒரு கைப்பிடி வச்சு பாலிதீன் தாளால சுத்தி ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்க. மேல இருந்து இலை அனுப்பற சத்து தோல் வழியாத்தான் கீழ எறங்கும், தோல் அந்து போனதால அங்கயே தேங்கி வேரா வெளிய வரும். ஒண்ணரை ரெண்டு மாசத்துல தாளுக்குள்ள வெள்ளை வேர் பின்னிக்கிட்டு நிக்கறது வெளிய தெரியும், அப்ப அதுக்குக் கீழ வெட்டித் தனித் தொட்டியில நட்டு ரெண்டு வாரம் நிழல்ல வைங்க. கீழ நிக்கற மொட்டைக் குச்சியைப் பிடுங்கிராதீங்க, வெட்டுக்குக் கீழ இருக்கற கணுவுல இருந்து அதுவும் துளிர்க்கும்.